பரதனிடம் யார் சொல்வது?

தசரதச் சக்கரவர்த்தியின் உயிர் நள்ளிரவில் பிரிந்தது. நான்கு புதல்வர்களைப் பெற்றவர்; அந்த வேளையில் அருகில் ஒருவரும் இல்லை. இராமனும் இலக்குவனும் வனத்தில் இருந்தனர். பரதனும் சத்துருக்கனனும் தொலைதூரக் கேகய நாட்டில், தாய்வழிப் பாட்டனார் அரண்மனையில் இருந்தனர். கோசலையும் சுமித்திரையும் அழுது களைத்து அயர்ந்துவிட்டார்கள். விடியலில் துதிபாடி எழுப்ப வந்தவர்கள் வழக்கம்போல் பாடிக் காத்திருந்த பிறகே அரசர் இனி எழமாட்டார் என்பது அரண்மனைக்குத் தெரிந்தது. பிள்ளை வராமல் ஈமக்கடன் செய்ய அமைச்சர்கள் உடன்படவில்லை. சக்கரவர்த்தியின் திருமேனியை எண்ணெய் நிறைந்த தொட்டியில் இட்டுக் காத்தார்கள் என்கிறார் வால்மீகி மகரிஷி.

இன்று எத்தனையோ இல்லங்களில் எண்ணெய்த் தொட்டியின் இடத்தில் ஃபிரீசர் பெட்டி வந்து நிற்கிறது. டல்லாஸிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் பிள்ளை வந்து சேரும்வரை அதன் மோட்டார் ஓசை கூடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சுந்தரகாண்டத்தைப் பலமுறை பாராயணம் செய்தவர்களும் அயோத்தியா காண்டத்தின் இந்தப் பகுதியைச் சற்று விரைந்தே கடந்துவிடுவார்கள். சாவும் சொத்தும் பேசப்படும் இடம் ஆயிற்றே. ஆனால் பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் முதியவர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய பகுதி இது.

வசிஷ்ட முனிவர் ஐந்து தூதர்களை அழைத்தார். சித்தார்த்தன், விஜயன், ஜயந்தன், அசோகன், நந்தனன் என்பன அவர்கள் பெயர்கள். விரைந்து செல்லும் குதிரைகளில் ஏறிக் கேகயத்தின் தலைநகருக்குச் செல்ல வேண்டும். முகத்தில் துயரம் தெரியலாகாது. அவசரப் பணி காத்திருக்கிறது, குலகுருவும் அமைச்சர்களும் அழைக்கிறார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். இராமன் காடேகியதையும் தந்தை மறைந்ததையும் பரதனிடம் சொல்லலாகாது என்பது அவர் இட்ட கண்டிப்பான கட்டளை. சந்தேகம் எழாதிருக்கப் பட்டாடைகளும் அணிகலன்களும் பரிசாகக் கொடுத்தனுப்பினார்.

தூதர்கள் நகருக்குள் நுழைந்த அதே இரவில் பரதன் தீய கனவு கண்டான். தலைமுடி கலைந்த தந்தை மலையுச்சியிலிருந்து வீழ்வதையும், சிவந்த மாலை அணிந்து கழுதை பூட்டிய தேரில் தென்திசை நோக்கிச் செல்வதையும் கண்டு கலங்கி எழுந்தான். தோழர்கள் ஆடியும் பாடியும் தேற்றினார்கள், மனம் தேறவில்லை. அப்போதுதான் தூதர்கள் வந்தார்கள். பரதன் முதலில் தந்தையின் நலத்தை வினவினான். பிறகு இராமனையும் இலக்குவனையும், கோசலையையும் சுமித்திரையையும் விசாரித்தான். தன் தாயைப் பற்றிக் கடைசியாகவே கேட்டான். அதுவும் அவளுடைய பிடிவாதத்தையும் சினத்தையும் சொல்லியே கேட்டான். தூதர்கள் சுருக்கமாக விடை கூறினார்கள். அவன் நலம் விரும்பும் அனைவரும் நலமே, திருமகள் அவனைத் தேடி வருகிறாள், தேரைப் பூட்டலாம். அவ்வளவுதான். தந்தையின் மரணம் மறைக்கப்பட்டது. தந்தையின் சொத்து மட்டும் திருமகளின் பெயரால் குறிப்பாகச் சொல்லப்பட்டுவிட்டது.

வசிஷ்டரைக் குறை கூறுவதற்கில்லை. அரியணை வெறுமையாக இருந்தது. இளவரசனோ வேறொரு மன்னனின் நாட்டில் இருந்தான். ஏழு இரவுகள் வழியில் தங்கி வர வேண்டியவன். நெஞ்சு நொறுங்கிய நிலையில் ஒருவனை அவ்வளவு தொலைவு தேரோட்டி வரச் செய்வது கருணையும் ஆகாது. இதே கருணையினால்தான், தந்தி இருந்த காலத்தில், தந்தை கவலைக்கிடம், உடனே புறப்படவும் என்று வாசகம் அமைத்தார்கள். 2013-ஆம் ஆண்டில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. அந்த வாசகம் மட்டும் நிற்கவில்லை, கைப்பேசியில் தொடர்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்க்க வேண்டும் என்கிறார், கிளம்பி வா என்று அண்ணன் சொல்வான். குரல் சொல்லாததைக் குரலின் நடுக்கம் சொல்லிவிடும். எதிர்முனையில் இருப்பவன் நம்பியதாகக் காட்டிக்கொண்டு பயணச்சீட்டு தேடுவான்.

வசிஷ்டரின் ஏற்பாட்டில் ஒன்றுதான் விடுபட்டது. வழியில் யாரும் சொல்லலாகாது என்று திட்டமிட்டவர்கள், வீடு வந்தபின் யார் சொல்வது என்று திட்டமிடவில்லை. அதனால் அந்தப் பொறுப்பு யாரிடம் போய்ச் சேரக்கூடாதோ அவளிடமே போய்ச் சேர்ந்தது.

அதற்குமுன், மறைப்பதால் விளையும் இன்னொரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். தூரதேசத்தில் இருப்பவன் பங்காளியின் மரணத்தைப் பத்து நாட்களுக்குள் கேட்டால் எஞ்சிய நாட்கள் தீட்டு. பத்து நாட்கள் கடந்து கேட்டால் மூன்று நாட்கள். ஓராண்டு கடந்துவிட்டால் நீராடினால் போதும் என்கிறது மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம். தாய் தந்தையர் விஷயத்தில் மட்டும் மகனுக்கு இந்தச் சலுகை இல்லை. எத்தனை தொலைவில் இருந்தாலும், எப்போது கேட்டாலும், கேட்ட நாள் தொடங்கிப் பத்து நாட்கள் அவன் காக்க வேண்டும் என்று தர்மசாஸ்திர நிபந்தனக்காரர்கள் எழுதியுள்ளார்கள். குல வழக்கத்தைப் பொறுத்து நாட்கணக்கு மாறும். அதை இல்லத்துப் புரோகிதர் சொல்வார். கவனிக்க வேண்டியது, கணக்கு செய்தி கேட்ட நாளிலிருந்து தொடங்குகிறது என்பதே. செய்தியைத் தாமதித்தால் மகனின் கடமையையும் சேர்த்தே தாமதிக்கிறார்கள். அப்பாவுக்கு உடல்நலம் இல்லை என்று மட்டும் கேள்விப்பட்ட பிள்ளை என்ன செய்வான்? பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் ஆலயத்துக்கு ஓடுவான். தந்தையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்வான். இங்கே அவர் ஃபிரீசர் பெட்டியில் இருப்பார். பின்னர் நாளையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்து உண்மையை உணரும்போது, உடன்பிறந்தோர்மீது அவன் கொள்ளும் வருத்தம் எளிதில் தீர்வதில்லை.

பரதன் அயோத்திக்குள் நுழைந்தான். சோலைகளில் ஆரவாரம் இல்லை. சந்தனமும் அகிலும் மணக்கும் வீதியில் மணம் இல்லை. கோயில்களில் பூசையின் பொலிவு இல்லை. பூக்கடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. தந்தையின் மாளிகையில் அவர் இல்லாமையால் தாயின் மாளிகைக்குச் சென்றான். கைகேயி மகனை உச்சிமோந்தாள். அவள் முதலில் கேட்டது தன் தந்தையின் நலத்தையும் தமையன் யுதாஜித்தின் நலத்தையும். பிறந்த வீட்டுச் செய்தியைக் கேட்டறிந்த பிறகும் அவளாக வாய் திறக்கவில்லை. மஞ்சம் வெறுமையாக இருக்கிறதே, அரசர் எங்கே என்று பரதன் கேட்ட பின்னரே, எல்லா உயிர்களும் சென்றடையும் இடத்தை அவரும் அடைந்துவிட்டார் என்றாள். கொடிய செய்தியை இனிய செய்திபோலச் சொன்னாள் என்று வால்மீகி குறிப்பிடுவது கூர்ந்து நோக்கத்தக்கது. அவள் சொன்னது தத்துவம்தான். பிழையான தத்துவமும் அன்று. ஆயினும் தந்தையை இழந்த பிள்ளையிடம் அந்த நொடியில் சொல்லத்தக்கது அன்று.

மண்ணில் விழுந்து எழுந்த பரதன் கேட்ட கேள்விகள், தொலைவிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்பவை. என்ன நோயினால் மறைந்தார்? ஈமக்கடனுக்கு அருகில் இருந்தவர்கள் பேறுபெற்றவர்கள் என்று ஏங்கினான். சிறுவயதில் மேனியில் படிந்த புழுதியைத் துடைத்துவிட்ட தந்தையின் கை இனி எங்கே என்று புலம்பினான். இராமனுக்கு முடிசூட்டவோ வேள்வி செய்யவோ அழைத்திருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்து வந்தேனே என்று நொந்தான். பிறகு, தந்தை கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டான்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல ஒருவர் வேண்டும். எத்தனை மணிக்கு, யார் அருகில் இருந்தார்கள், துளசித் தீர்த்தம் யார் கொடுத்தார்கள், யாருடைய பெயரைச் சொன்னார், வலி இருந்ததா என்பவற்றை அறிந்தவர்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் நிற்கும் தூரத்து உறவினரோ, யார் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாரோ முந்திக்கொள்ளலாகாது. குடும்பக் குழுவில் வந்து விழும் புகைப்படத்தைப் பார்த்துத் தந்தையின் மறைவை அறிந்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கைகேயியின் சொல்லே அதைவிட மேல் எனத் தோன்றும்.

கைகேயி விடை சொன்னாள். இராமனையும் சீதையையும் இலக்குவனையும் பெயர் சொல்லி அழைத்தபடியே அரசர் உயிர்நீத்தார் என்றாள். அவர்கள் ஏன் அருகில் இல்லை என்று கேட்டபோது வனவாசத்தையும் வரத்தையும் பெருமிதத்தோடு விவரித்தாள். அனைத்தும் அவனுக்காகவே செய்தது என்றாள். வசிஷ்டர் முதலானோருடன் அரசருக்குரிய கடன்களை முடித்துவிட்டு அரசனாக முடிசூட்டிக்கொள் என்று தகனத்தையும் பட்டாபிஷேகத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். புண்ணில் உப்பு வைத்தாய் என்ற பொருளில் பரதன் அவளைக் கடிந்துகொண்டான். தந்தை இல்லாத, தந்தைக்கு ஒப்பான தமையன் இல்லாத இராச்சியம் தனக்கு எதற்கு என்று கேட்டான்.

ஊரில் இல்லாதவன்மீது சந்தேகம் எளிதில் விழும். கோசலைகூடப் பரதனை ஐயுற்றுச் சுடுசொல் கூறினாள். அவன் அறியாமல் இவ்வளவு நடந்திருக்குமா என்பது அவள் எண்ணம். இராமன் காடேகத் தான் உடன்பட்டிருந்தால் இன்னின்ன பாவம் தன்னைச் சேரட்டும் என்று பரதன் அடுக்கடுக்காக ஆணையிட்டு அழுத பிறகே அந்தத் தாயின் மனம் இளகியது. இக்காலத்திலும் உள்ளூரில் இருப்பவன் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் வெளிநாட்டுத் தம்பியின் தூண்டுதல் இருப்பதாக ஊர் பேசும்; வெளிநாட்டில் இருப்பவனோ உள்ளூர் அண்ணன் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டதாக எண்ணுவான். இருவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் சொல்லப்படாத செய்திதான்.

வால்மீகியில் பரதனே ஈமக்கடன்களைச் செய்கிறான். கம்பநாட்டாழ்வார் இன்னும் கடுமையான இடத்துக்குப் போகிறார். கைகேயியைத் துறந்த தசரதன் அவள் மகனையும் துறந்துவிட்டான் என்பதால், வசிஷ்டர் பரதனைத் தடுக்கச் சத்துருக்கனன் கடன்களைச் செய்கிறான். ஏழு இரவுப் பயணம் வந்தும் கொள்ளி வைக்கும் உரிமை கிட்டாத மகனாகப் பரதன் அங்கே நிற்கிறான். தான் செய்யாத பிழைக்காக அவன் இழந்தது அது.

வால்மீகியின் கணக்கில் பன்னிரண்டாம் நாள் சிராத்தமும் தானங்களும் நடந்தன. பதின்மூன்றாம் நாளும் கடந்து, பதினான்காம் நாள் காலையில்தான் அரசியல் அதிகாரிகள் பரதனிடம் முடியைப் பற்றிப் பேசினார்கள். பட்டாபிஷேகப் பொருள்கள் தயாராக இருந்தன. பரதன் அவற்றை வலம் வந்தான், எடுத்துக்கொள்ளவில்லை. மூத்தவனுக்குரியது இது, அவரை அழைத்துவரப் போகிறேன் என்றான்.

இன்றைய இல்லங்களில் பதினான்காம் நாள்வரை பொறுப்பதற்கு இயலாது. சுபஸ்வீகாரத்தின் மறுநாளே விமானம் இருக்கும். ஆகவே பந்தியில் இலை எடுத்த கையோடு பத்திரக்கட்டு கூடத்துக்கு வந்துவிடுகிறது. கண்ணீர் காயாத பிள்ளையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கப்படுகிறது. அவசரம் தேவையே இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மறைந்த ஓர் ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் அவரைப் பெற்ற தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. பூர்விகச் சொத்தில் மகளின் உரிமையையும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுவதும் உறுதி செய்தது. மகன் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டான் என்பதாலோ, மகள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டாள் என்பதாலோ பங்கு குறைவதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் விளைநிலத்தை விலைக்கு வாங்கத்தான் தடை. வாரிசாகப் பெறத் தடை இல்லை. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் அவர்கள் பெயரை விட்டுவிட்டு வாங்குவது பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடும். வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இவ்வளவுக்கும் நாள் இருக்கிறது. தந்தையே உயிரோடிருக்கும்போது தெளிவாக ஓர் உயில் எழுதி, அது இருக்கும் இடத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. தசரதர் அதைச் செய்யாமல் இல்லை. ஊரறிய இராமனுக்கு முடி என்று அறிவித்தார்; ஆனால் பரதன் ஊரில் இல்லாத நாட்களில் அறிவித்தார்.

பரதன் தூது அனுப்பவில்லை, தானே சென்றான். மூன்று தாயரும் குலகுருவும் உடன் வந்தார்கள், கைகேயியும் வந்தாள். சிருங்கிபேரத்தில் குகனையும், பின்னர் பரத்துவாச முனிவரையும் கண்டு, சித்திரகூடத்தை அடைந்தான். மரவுரி தரித்த தமையனைக் கண்டதும் அண்ணா என்ற ஒரு சொல்லுக்குமேல் அவனுக்கு வரவில்லை. இராமபிரான் அவனை மடியில் இருத்தி, தந்தை எங்கே, அவர் இருக்க நீ ஏன் காட்டுக்கு வந்தாய் என்று வினவினார்.

பரதனும் மரணத்தையும் சொத்தையும் சேர்த்தே சொன்னான். தந்தை விண்ணுலகு எய்தினார். மூத்தவர் இருக்க இளையவனுக்கு முடி இல்லை. இராச்சியம் உங்களுடையது, வந்து ஏற்றுக்கொள்ளுங்கள். சத்துருக்கனனும் நானும் நீர்க்கடன் செய்துவிட்டோம், எழுந்து தாங்களும் செய்யுங்கள் என்றான். கைகேயி சொன்னதும் பரதன் சொன்னதும் அதே இரண்டு செய்திகள்தாம். எதிரில் இல்லாத ஒருவனின் பங்கை எடுத்து எதிரில் நின்றவனிடம் நீட்டினாள் அவள். எதிரில் இல்லாதவனைத் தேடிச் சென்று அவன் பங்கை அவனிடமே நீட்டினான் இவன்.

அன்றிரவு முழுவதும் அழுகையில் கழிந்தது. மறுநாள் காலை, மந்தாகினிக் கரையில் ஜபமும் ஹோமமும் முடித்துச் சகோதரர்கள் மௌனமாக அமர்ந்திருந்த பிறகே இராச்சியத்தைப் பற்றிய பேச்சு முறையாகத் தொடங்கியது. அது பாதுகையில் முடிந்ததை அனைவரும் அறிவர். பதினான்கு ஆண்டுகள் நந்திக்கிராமத்தில் அந்தப் பாதுகையின் பெயரால் ஆட்சி நடந்தது. இராமபிரான் திரும்பியபோது பரதன் முதலில் பாதுகைகளை அவர் திருவடியில் அணிவித்தான். அடுத்து, கருவூலம், களஞ்சியம், நகரம், சேனை அனைத்தையும் பார்வையிட வேண்டினான். எல்லாம் பத்து மடங்காகியிருக்கின்றன என்று கணக்கு ஒப்பித்தான். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் பங்கு வீட்டுக்கு வாடகை வாங்கும் அண்ணன்மார்களுக்கு இந்தக் கணக்கு நினைவில் இருந்தால் போதும்.

வர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, தந்தையின் தகனத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தனியறையில் தலைமுழுகியவர்கள் பலர். எள்ளும் தர்ப்பையும் கிடைக்காத ஊரில், வழிசொல்லப் புரோகிதர் இல்லாத வீட்டில், தாம் செய்தது தந்தையைச் சேர்ந்திருக்குமா என்ற ஐயம் அவர்களை இன்னும் விடவில்லை.

சித்திரகூடத்தில் இராமபிரானுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. செய்தி கேட்டு மயங்கி விழுந்து தெளிந்தவர், சீதையிடம் மாமனார் மறைந்தார் என்றும், இலக்குவனிடம் நீ தந்தையை இழந்தாய் என்றும் தாமே சொன்னார். சுமந்திரர் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல, மந்தாகினியில் இறங்கித் தென்திசை நோக்கி நீர் வார்த்தார். பிண்டத்துக்கு அன்னம் இல்லை. இங்குதிக் காயின் பிண்ணாக்கையும் இலந்தைக் கனியையும் பிசைந்து தர்ப்பையின்மேல் வைத்தார். இப்போது நாங்கள் உண்பது இதுதான், இதையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தந்தையிடம் அழுதபடி வேண்டினார்.

பின்னால் வந்த கோசலை, தென்முகமாகப் பரப்பிய தர்ப்பையின்மேல் அந்தப் பிண்டத்தைக் கண்டாள். சுமித்திரையை அழைத்துக் காட்டினாள். நாற்கடல் சூழ்ந்த நிலத்தை ஆண்டவருக்கு இந்தப் பிண்ணாக்கா என்று முதலில் நெஞ்சம் வெடித்தாள். பிறகு, ஒருவன் எதை உண்கிறானோ அதையே அவனுடைய தேவதைகளும் உண்பார்கள் என்று உலகத்தார் சொல்வது மெய்தான் போலும் என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, மகன் இருந்த பர்ணசாலையை நோக்கி நடந்தாள்.